அறுபத்தஞ்சு முடியணும்

“அறுபத்தஞ்சு முடியணும்பா. உனக்கு அறுபத்து மூணுதானே ஆவுது? சட்டத்துல இடமில்ல” என்றார் விசாரிக்க வீட்டுக்கு வந்திருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

குமாரசாமி பெரிய காஞ்சிபுரத்தில் தறி தறியாகப் போய், பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துக் கொடுத்தே வயிறு கழுவியவர். இப்போது கண்ணில் புரை, இழை தெரியவில்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. முதியோர் பென்ஷன் வந்தால்தான் அடுப்பு எரியும்.

“சர்க்கார் உத்தியோகம் பாத்தவனுக்கு அம்பத்தஞ்சுல பென்ஷன். எனக்கு மட்டும் அறுபத்தஞ்சா? இது இன்னா கணக்கு சார்?”

“அது வேற, இது வேற.”

“ரெண்டும் பென்ஷன்தானே சார்?”

இன்ஸ்பெக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, கொஞ்சம் இருங்க.” கதவோரம் நின்றிருந்த குமாரசாமியின் மனைவி எல்லம்மாள் முன்னால் வந்தாள். “எம்பேர எழுதிக்கங்க. எனக்கு அறுபத்தாறு ஆவுது.”

குமாரசாமி சிரித்தேவிட்டார். “சும்மா இருமே! சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் ஊறிப்போன பேச்சு அது. அவர் கணக்குப்படி அவள் ஆறு வயது இளையவள்.

“வயசுக்கு அத்தாட்சி இருக்குதாம்மா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“தாமல் கிராமத்துல என் தங்கச்சி வடிவாம்பா போன மாசத்துலேர்ந்து இந்தப் பென்ஷன் வாங்குது. நான் அதுக்கு மூத்தவ.”

“அட, அந்தம்மாவா! விசாரிச்சதே நான்தான். காஞ்சிபுரத்துல அக்கா இருக்குதுன்னு அப்பவே சொல்லுச்சு” என்று பேனாவைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

குமாரசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வடிவாம்பாள் இவளுக்கு அக்கா ஆயிற்றே! இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சர்க்கார் காதிலேயே பூ சுற்றுகிறார்களா? வாயைத் திறந்தால் சோறு போச்சு. மூடிக்கொண்டால் நாளைக்கு ஜெயில். எல்லம்மாள் முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது.

இன்ஸ்பெக்டரின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் வெடித்தார்.

“ஏமே, புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்? வடிவு அக்காவையே தங்கச்சியாக்கிட்டியே! கண்டுபுடிச்சா இன்னா ஆவுறது?”

எல்லம்மாள் முந்தானை நுனியைத் திருகினாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அந்த ஐயாகிட்ட நான் பொய் சொல்லலய்யா. சின்னவ அதுக்கு மொதல்ல கல்யாணமாயிடுச்சு, மூத்தவ நான் நின்னுட்டேன். ஊரு எதுனா பேசும்னு எங்கப்பாதான் உங்கம்மாகிட்ட வயச மாத்திச் சொல்லிட்டாரு. நாப்பது வருஷமா நீதான் என் தங்கச்சிய அக்கா அக்கான்னு கும்புட்டுக்கினு இருக்கற!”