தெரியாத முகம்

"இவதான். ரெண்டு ஜடை, பச்சைத் தொப்பி, முதுகை விடப் பெரிய பை." டாரில் கைப்பேசியிலிருந்த படத்தைக் காட்டினான். "மூணு அஞ்சுக்கு வெளிய வருவா. இன்னிக்குக் கூப்பிட நான்தான் வரணும்; தனியாத்தான் வருவா."

ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த ராஸ் படத்தை அரைக்கண்ணால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கத்தி ஊரைக் கூட்டிட்டாள்னா?"

"கத்தணும்டா. கத்தினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என் ஒரே பொண்ணுடா அவ."

அடுத்த பருவத்திலிருந்து ஏழு வயது மில்லி பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வரப்போகிறாள். எட்டு நிமிட நடைதான். ஆனால் மாதத்தில் பாதி நாள் அந்த எட்டு நிமிடமும் டாரில் தன் ஊரான பெர்த்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வடக்கே, இரும்புச் சுரங்கத்தில் இருப்பான். அதற்காகத்தான் இந்தச் சோதனை.

ஏற்பாடு எளிமையானது. குடும்பத்துக்கென்று ஒரு ரகசிய வார்த்தை: மூன்று கால் கங்காரு. டாரில், அவன் மனைவி டீகன், மில்லி மூவருக்கு மட்டுமே அது தெரியும். தெரியாத ஆள் யாராவது "அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று வந்து நின்றால், மில்லி அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். ஆள் விழித்தால் மூன்றடி பின்னால் போய், கத்திக்கொண்டே பள்ளிக்குள் ஓடிவிட வேண்டும்.

சமையலறை நாற்காலிகளைக் காராக்கி இருபது தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒத்திகையில் கடத்த வருவது அப்பாதான் என்பதால் அவள் சிரித்துக்கொண்டே கத்தினாள். நிஜச் சோதனைக்கு நிஜமாகவே தெரியாத முகம் வேண்டும்.

அதற்கு ராஸ்தான் பொருத்தம். சுரங்கத்தில் ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு ஓட்டுநர்கள். டாரில் அங்கே இரண்டு வாரம் ஓட்டும்போது ராஸ் ஊரில் ஓய்வில் இருப்பான்; அப்புறம் மாறிக்கொள்வார்கள். ஒருவனை இறக்கிய விமானமே மற்றவனை ஏற்றிக்கொண்டு போகும். ஒரே லாரி, ஒரே அறை, ஒரே கட்டில்; விரிப்பு மட்டும் மாறும். நான்கு வருடமாக இப்படித்தான். இந்த வாரம் சூறாவளியில் சுரங்கத்தை மூடிவிட்டதால், அதிசயமாக இரண்டு பேரும் ஊரில்.

"வேற யாரையாவது கேளேன், மச்சி," என்றான் ராஸ். "எனக்குப் பிள்ளைங்கன்னாலே உதறும்."

"இருநூறு டன் லாரியை ஒத்தைக் கையால திருப்புறவன், இத்தனூண்டு பொண்ணுக்குப் பயப்படுறியா? நான் ஊர்ல இருந்தா நீ இருக்க மாட்ட, நீ இருந்தா நான் இருக்க மாட்டேன். எங்க வீட்ல உன் மூஞ்சியை யார்றா பாத்திருக்கா?"

"உன் பொண்டாட்டி ஒத்துக்கிட்டாங்களா?"

"அவகிட்ட மூச்சு விடல. சொன்னா காலையிலயே பிள்ளை காதுல போட்டிருப்பா."

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் ராஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

டாரில் இறங்கி, பின்சீட்டில் கிடந்த தன் தொப்பியை எடுக்கப் போனான். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

"அப்படி இழுத்தா வராது," என்றான் ராஸ். "உள்ள கொக்கி தேஞ்சு போச்சு. கைப்பிடியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இடுப்பால ஒரு இடி இடி."

மூன்றாவது இடியில்தான் திறந்தது. "இந்த டப்பாவை வித்துத் தொலையேன்டா," என்று இடுப்பைத் தடவிக்கொண்டே டாரில் எதிரிலிருந்த தைலமரத்தின் பின்னால் போய் மறைந்துகொண்டான்.

மணி அடித்தது. பச்சைத் தொப்பிகள் கூட்டமாக வந்து நாலாபக்கமும் கலைந்தன. கடைசியில், ஷூவால் ஒரு கல்லை உதைத்தபடி மில்லி வந்தாள்.

ராஸின் வண்டி மெல்ல உருண்டு அவள் பக்கத்தில் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'பேசுடா மடையா,' என்று டாரில் பல்லைக் கடித்தான்.

மில்லி நின்று வண்டியைப் பார்த்தாள்.

'கேளு கண்ணு. வார்த்தையைக் கேளு.'

அவள் கேட்கவில்லை. பின்னால் போகவில்லை, கத்தவில்லை. நேராக வண்டியை நோக்கி நடந்தாள். இருபது ஒத்திகை! மகள் தன்னை இப்படிக் கைவிடுவாள் என்று டாரில் நினைக்கவே இல்லை. மரத்தை விட்டு ஓடினான்.

பாதிச் சாலையில் அவன் கால்கள் நின்றுவிட்டன.

மில்லி பின்கதவின் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, இடுப்பால் ஒரு இடி இடித்தாள். ஒரே இடி. கதவு திறந்துகொண்டது.

அவன் கிட்டே போய்ச் சேர்ந்தபோது அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டியிருந்தாள்.

"மில்லி..." அவன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டான். "ரகசிய வார்த்தை... கேட்டியாம்மா?"

"அது தெரியாதவங்ககிட்டதானேப்பா கேக்கணும்?"

ராஸ் திரும்பவில்லை.

மில்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அய்! இன்னிக்கு ரெண்டு பேருமே நம்ம வீட்லயா தூங்கப் போறீங்க?"