நூத்திப் பதினாலு சீட்டு

நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்ல புதுசா சேந்திருக்கற மாமாவுக்கு என்னைத் தெரியாதே, அதனால சொல்லிடறேன். நான் இந்த வீட்டுச் சின்னவன். வயசு இருபத்தஞ்சு. இப்ப ஹோட்டல் லாண்டரில, அழுக்கு பெட்ஷீட் போட்டு வைக்கிற ரூம்ல, உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். கையெல்லாம் ப்ளீச், அதான் வாயாலயே டைப் பண்றேன்.

வெளிய ஏழு பேர் நிக்கறாங்க. கதவ இடிக்கறாங்க.

"டேய் சாமியாரே, வெளிய வாடா! நீ வராம இன்னிக்கு ஒரு துணி நனையாது!"

அது சூப்பர்வைசர். அம்மா, பதறாத, நான் எதையும் திருடல.

வந்த புதுசுல குடிக்க மாட்டேன்னு சொன்னதுக்குக் கிண்டலா வச்ச பேரு சாமியார். ஒரு நாள் துணி தேய்க்கிற இஸ்திரி அண்ணன், "தங்கச்சிக்குப் பிரசவம், நீ கொஞ்சம் வேண்டிக்கடா"ன்னார். முகத்தப் பாத்து எப்படி முடியாதுன்னு சொல்றது? சரின்னேன். சுகப்பிரசவம். அன்னிக்கு மாட்டுனவன்தான்.

இப்ப எல்லாரும் துணில குத்தற நம்பர் சீட்டுக்குப் பின்னாடி யாருக்கு வேண்டிக்கணுமோ அவங்க பேர எழுதி என் பாக்கெட்ல திணிச்சிடறாங்க. மொத்தம் நூத்திப் பதினாலு. காலைல நான் ஒவ்வொண்ணா படிச்சு முடிச்சாத்தான் பெரிய மிஷின் ஸ்விட்ச போடுவாங்க. சூப்பர்வைசரே கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. அவர் பொண்ணு பரீட்சையும் என் பாக்கெட்லதான இருக்கு!

வேற இடத்துல நல்ல வேலை வந்துச்சு. போறேன்னு சொன்னேன். துணி மடிக்கிற அக்கா அப்படியே அழுதுடுச்சு. போகல.

அதே அக்காதான் ஒரு நாள் கேட்டுச்சு. "ஏண்டா, உனக்குன்னு ஒரு சீட்டு கூட எழுதிக்கலியே?"

"எனக்கு எதுக்குக்கா?"

"பாத்தீங்களா, இதாண்டா மனசு!"ன்னு எல்லாரையும் கூட்டிடுச்சு.

இன்னிக்கு இஸ்திரி அண்ணன் சம்சாரத்துக்கு இதய ஆபரேஷன். தள்ளிப்போட்டா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு. போன்ல சம்மதம் கேக்கறாங்க. அண்ணன் சரின்னே சொல்ல மாட்டேங்கறாரு.

"நீ சாமிகிட்ட கேட்டுச் சொல்லுடா. நல்லாயிடும்னு உன் வாயால வந்தாத்தான் நான் சரின்னு சொல்லுவேன்."

அதக் கேட்டுட்டுத்தான் இங்க ஓடி வந்து ஒளிஞ்சுக்கிட்டேன்.

"தம்பி... டாக்டர் லைன்ல இருக்காருடா." அண்ணன் குரல். உடைஞ்சு போயிருக்கு. இருங்க, வந்துடறேன்.

வந்துட்டேன். கதவத் தொறந்ததும் ஏழு பேரும் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க, என்னைப் பாத்து. வேற ஒண்ணு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அண்ணன் கண்ணப் பாத்ததும், "செய்யச் சொல்லுங்கண்ணே, நல்லாயிடும்"னு வந்துடுச்சு.

அண்ணிய உள்ள கொண்டு போயிட்டாங்களாம். மூணு மணி நேரம் ஆகுமாம். வெளிய மிஷின் ஓடுது. அண்ணன் பாட்டே பாடறாரு. நான் மறுபடி தாழ் போட்டுக்கிட்டேன்.

இத யார் படிச்சாலும், தயவுசெஞ்சு அந்த அண்ணிக்காக நீங்க வேண்டிக்கங்க.

எனக்குக் கடவுள் நம்பிக்கை போயி ரெண்டு வருஷமாச்சு.