எல்லாருக்கும் கடல்

“மேடம், பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்றபடி தீவு விடுதியின் மேலாளர் அவளைச் சக்கர நாற்காலியோடு புதிய சாய்தளத்தில் மேலே தள்ளிப் போனார். பணிவென்றால் அப்படியொரு பணிவு.

மேலே கடல் கண்கொள்ளாமல் கிடந்தது.

“இனிமே எங்க விடுதியில எல்லாருக்கும் கடல். எப்படி இருக்கு, மேடம்?”

“நல்லா இருக்குங்க.”

“சிரிச்ச முகமா சொல்லுங்க.”

சிரித்தாள்.

“போதும் சார், படம் பிரமாதம்” என்றார் கேமராக்காரர்.

மேலாளரின் குரல் சட்டென்று மாறியது. “எந்திரி. போய் ரூமைப் பெருக்கு.”

“ஒரு நிமிஷங்க” என்று எழுந்தவள், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். நடக்க முடியாத கணவன் காலையிலிருந்து அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் படத்துக்குச் சரிப்படாது என்று நாற்காலியை மட்டும் இரவல் வாங்கியிருந்தார்கள்.

“மேலேருந்து கடல் எப்படி இருக்கு?”

“நீங்களே வந்து பாருங்க.”

அவனைத் தூக்கி உட்காரவைத்து, மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் சாய்தளத்தின் பலகைகளைக் கழற்றி அடுக்கிவிட்டிருந்தார்கள். அடியில் பதினொரு படிகள் இருந்தன.