பாதையில் இரண்டு கோப்பைகள்

இது சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடமாக இருக்கலாம். உருத்திரபுரத்துக் கடலைத் தோட்டத்தில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கூலிக்காரருக்குப் புத்தகம் வாசிப்பேன். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் முதன்முதல் வழி தேடிப்போன வெள்ளைக்காரரின் கதை. ஒருவன் பனியில் தவறிப்போகிறான். மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு நடக்கிறார்கள்.

"அவனுக்கு யாருமே தேத்தண்ணி வைக்கலீங்களா?" என்றாள் கூலிக்காரரில் ஒருத்தியான அழகம்மா.

அவளுடைய தேயிலை மலையில் யாராவது மூடுபனியில் வழி தவறினால், வாசனை பிடித்து வரட்டும் என்று பாதையில் சுடச்சுடத் தேநீர் வைப்பார்களாம். முந்தைய வருடம் தமிழரை அடித்த கலவரத்தில் மலையிலிருந்து ஓடிவந்தபோது காணாமல்போன கணவன் மாயாண்டிக்காக அவள் இங்கும் தினமும் வைத்தாள். அன்று கதையில் தவறிப்போனவனுக்கும் சேர்த்து இரண்டு கோப்பைகள் வைத்தாள்.

"வெள்ளைக்காரனுக்கு உங்கட தேத்தண்ணி பிடிக்குமோ அக்கா?" என்று ஊர்க்காரன் நல்லதம்பி சிரித்தான்.

"அவன் குடிக்கத்தானே தம்பி எங்கள மலைக்கே கூட்டியாந்தான்!"

மறுநாள் மாயாண்டி வந்தார்.

"தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருத்தன் காட்டுக்குள்ள கையப் பிடிச்சுக் கூட்டியாந்தான். பேசவே இல்ல" என்றார்.

அவன் பிடித்த இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. உறைபனியில் செத்த விரல்கள் என்றார் கிளிநொச்சி டொக்டர். வெளியே வெயில் கொளுத்தியது.

விரல்களை எடுத்துவிட்டார்கள். மாயாண்டி மிச்ச விரல்களால் நன்றாகவே கடலை பிடுங்கினார். அழகம்மாவுக்கு ஒரு மகள் பிறந்தாள். நல்லதம்பி கடை போட்டான். வெள்ளைக்காரன் எங்கே போனான் என்று தெரியவில்லை.