ஓட்டிப் பார்க்க வந்தவன்

“எழுபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்குதா?” என்று காரின் மீட்டரைப் பார்த்தபடி கேட்டான் அருள்.

“வாத்தியாரு ஒருத்தரு வெச்சிருந்த வண்டிப்பா. வீட்ட வுட்டா ஸ்கூலு, ஸ்கூல வுட்டா வீடு. டீசல் வண்டின்னு பேருதான், ஓட்டமே கெடையாது” என்றார் பழைய கார் வாங்கி விற்கும் மயில்வாகனம், கொஞ்சமும் கூசாமல்.

வாத்தியாரும் கிடையாது, ஸ்கூலும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கியே இரண்டு லட்சத்துச் சொச்சம் ஓடித் தேய்ந்த வண்டி அது. மீட்டரைத் திருப்பி வைத்ததே மயில்வாகனம்தான்.

மீட்டர் வாயை மூடிக்கொண்டாலும் மற்றதெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது தெரியாதவரா அவர்? வழவழத்துப் போன பெடல் ரப்பரை மாற்றினார். ஸ்டியரிங்குக்குப் புது உறை, பள்ளம் விழுந்த டிரைவர் சீட்டுக்குப் புதுப் பஞ்சு. முதல் ஸ்டார்ட்டில் கொசு மருந்து வண்டி போலப் புகை கக்கும் என்பதால், அருள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றியும் வைத்துவிட்டார்.

அருளோ பானெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பெடல் பக்கம் குனியவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டதை ஒருவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று மயில்வாகனத்துக்கு லேசாக வருத்தம்கூட வந்தது. நல்ல ஏமாளி மாட்டினான் என்று உடனே மனதைத் தேற்றிக்கொண்டார்.

அருளோடு அவன் அப்பா அப்பாதுரையும் வந்திருந்தார். ஆட்டோவிலிருந்து மெல்ல இறங்கி, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“அப்பாவுக்கு முட்டி மடங்காதுண்ணா. உள்ள வெஸ்டர்ன் டாய்லெட்டு இருக்குதா?”

“இருக்குது, போச் சொல்லுப்பா.”

அருள் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் நன்றாக வருகிறது என்றான். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று விசாரித்தான். மயில்வாகனத்தின் மனைவி இந்திராணி டீ கொண்டுவந்தபோது, “அவருக்குச் சக்கர வேணாம்க்கா. காரமும் ஒத்துக்காது. ரசஞ்சோறுன்னா சந்தோஷமா சாப்புடுவாரு” என்றான்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று இந்திராணி உருகிப் போனாள்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரட்டாண்ணா?”

கூடப் போய் உட்கார்ந்தால் மூணாவது கியர் ஏன் முனகுகிறது என்று கேட்பான். தனியாக விட்டால் பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டு வருவான். இது மயில்வாகனத்தின் தொழில் ரகசியம்.

“தாராளமா போயிட்டு வாப்பா. ஆனா யாராச்சும் ஒருத்தரு இங்க இருக்கணும். நம்ம கிட்ட அதான் வழக்கம்.”

“அப்பா இருக்காருல்ல” என்றான் அருள். அப்பாவின் தோளில் நழுவிய துண்டைச் சரி செய்துவிட்டு, வண்டியில் ஏறிப் போனான்.

டீ ஆறியது. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்று, அவர்கள் சாப்பிட்டுவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார்கள். கார் திரும்பி வரவில்லை. அருளின் போன் அணைந்து கிடந்தது.

“என் நகை மொத்தமும் அந்த வண்டியிலதான இருக்குது. போனா நாம இன்னா பண்றது?” என்றாள் இந்திராணி. நகையை விற்று வாங்கிய வண்டி. அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

“கம்னு இருடி. பெத்த அப்பன வுட்டுட்டு எவனாச்சும் ஓடுவானா? பெரியவரு நம்மகிட்ட இருக்கற வரைக்கும் வண்டி எங்கயும் போவாது.”

சொன்னாரே தவிர, கேட்டுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அப்பாதுரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“தெருமுனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்பா.”

“உக்காருய்யா. உன் புள்ள வண்டியோட வந்தாத்தான் நீ வெளிய காலு வெக்க முடியும்.” மயில்வாகனம் கிழவரின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். இந்திராணியிடம் கேட்டை உள்பக்கம் பூட்டச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். அப்பாதுரை தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு, ரங்கசாமி குளம், மேட்டுத் தெரு என்று ஊரெல்லாம் அலைந்தார். வாய் அருளையும் அவன் குலத்தையும் சபித்துக்கொண்டே வந்தது. கடைசியில் முசரவாக்கம் போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் கார் நின்றது.

ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது; பானெட்டின் மேலேயே சாய்ந்து அழுதுவிட்டார்.

போன் அடித்தது. அருள்தான். பின்னால் ஏதோ பஸ்சின் ஹாரன் கேட்டது.

“சாவி முன் டயர் மேல இருக்குதுண்ணா.”

திட்ட வாயெடுத்த மயில்வாகனத்துக்குள் வியாபாரி முந்திக்கொண்டான். “இன்னாப்பா, நடுரோட்டுல வுட்டுட்டுப் போயிட்ட? வண்டில எதுனா கொறையா? சொல்லு, வெலைய பாத்துப் பேசிக்கலாம்.”

“வண்டிய நான் பாக்கவே இல்லண்ணா. அப்பாவ வுடறதுக்கு ஒரு நல்ல வீடாத் தேடிக்கினு இருந்தேன்.”