விழாத விலை

"முதல்ல விலையைக் கூட்டிக் கேளு. சந்தோஷத்துல கடைக்காரர் விழுந்துட்டா, அவருக்கு லாபம் அதிகம்னு அர்த்தம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கு" என்று மனைவியின் காதில் ஓதினார் கார்த்திகேசு.

பவுனம்மாள் நம்பவில்லை. "சந்தோஷத்துல யாராச்சும் விழுவாங்களா?"

"வியாதி. சிரிப்பு வந்தா உடம்பு மட்டும் தூங்கிடுமாம். நெனைவு தப்பாது, கண்ணு முழிச்சிருக்கும், ஆனா நிக்க முடியாது. கிள்ளான் டவுன் முழுக்கத் தெரிஞ்ச கதை."

பவுனம்மாளுக்கு ஒரே கவலைதான். இதே ஜவுளிக்கடையில் இதே பட்டுச் சேலையை நாத்தனார் இராஜம்மா ஒன்பது வெள்ளிக்கு எடுத்து, காப்பார் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒரு காசு கூடக் கொடுத்தாலும் அடுத்த வாரக் கல்யாணத்தில் அவள் வாயைத் தாங்க முடியாது.

கடைக்காரர் சனாவுல்லா சேலையை விரித்தார். "பன்னிரண்டு வெள்ளிம்மா."

"எங்க நாத்தனாருக்கு ஒம்பதுக்குத்தானே குடுத்தீங்க?"

"அது பழைய சரக்கு. இப்போ கப்பல் கூலி ஏறிப் போச்சு."

"சரி, பத்தரை."

சனாவுல்லாவின் முகம் மலர்ந்தது. முழங்கால் மடங்கியது. துணிக்கட்டு சரிவதுபோல் மெத்தையில் சரிந்தார். கண் மட்டும் பளிச்சென்று விழித்திருந்தது.

கார்த்திகேசு மனைவியின் விலாவில் இடித்தார். "பாத்தியா?"

"பத்தரை வேணாம் ராவுத்தரே, ஒம்பதரை" என்றாள் பவுனம்மாள், படுத்திருந்தவரிடம்.

எழுந்திருக்கப் பார்த்தவர் மறுபடி சரிந்தார்.

"அடப்பாவமே, இன்னுமா லாபம்? ஒம்பது."

தட்டுத்தடுமாறி எழுந்தவர் தூணைக் கட்டிக்கொண்டார். கால் ஆடியது.

பவுனம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எட்டே முக்கால்" என்றாள்.

சனாவுல்லா விறைப்பாக நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "கட்டுப்படியாகாதும்மா."

"நிக்கிறாரு பாருங்க" என்று பூரித்தாள் பவுனம்மாள். "இதுதான் நியாய விலை. பொட்டலம் கட்டுங்க."

பெருமூச்சோடு கட்டிக் கொடுத்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இனிமே அந்த இராஜம்மா என் எதிர்ல வாயத் திறக்கட்டும்."

கார்த்திகேசுவுக்கு இரக்கமாகிவிட்டது. "உடம்பப் பாத்துக்குங்க ராவுத்தரே. அடிக்கடி சந்தோஷப்படாதீங்க."

"உங்களை மாதிரி ஆளுங்க வந்தா எங்கே அண்ணே சந்தோஷப்படறது?"

இருவரும் தெருவைத் தாண்டியதும் கடையின் உள்திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அறுந்தது. தொப்பென்று ஒரு சத்தம்.

சனாவுல்லா தலையணையோடு ஓடினார். தரையில் கண் விழித்தபடி துவண்டு கிடந்த மனைவியின் தலையைத் தூக்கி வைத்தார். "ஏ சௌதா, ஆறு வெள்ளிச் சேலை எட்டே முக்காலுக்குப் போனதுக்கா இந்தச் சிரிப்பு? டாக்டர் உனக்குச் சொன்னது மறந்து போச்சா? நான் விழறப்போ எட்டிப் பாக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பேச்சு திரும்பியது. "மொதல்ல தாடைதாங்க தொங்கணும். இத்தனை வருஷம் என்னைப் பாத்தும் நீங்க முழங்கால்லயே ஆரம்பிக்கிறீங்க."