சேறு அப்பிய பந்து

“அப்பா, பந்தை எடுத்துத் துடைச்சுப்போட்டு அடியுங்கோ. தரை ஈரமெண்டு கிளப்பே குளிர்கால விதி போட்டிருக்கு,” என்றாள் நோரா.

“கிடந்த இடத்திலை கிடந்தபடி அடிக்கிறதுதான் கோல்ஃப்.”

அப்பா கிளெமென்ற் சேறு அப்பிய பந்தையே அடித்தார். அது கோணிப்போய்க் குளத்தில் விழுந்தது.

இதே பிடிவாதத்தால்தான் ஒரு வருடமாக, நோராவின் காதலன் சிண்ட்ரேயின் வீட்டுக்குப் போக அவர் மறுக்கிறார். இன்று பந்தயம்: மகள் வென்றால், மாலையே சம்பந்தம் பேச அங்கே வரவேண்டும்.

நோரா ஒரே அடி வித்தியாசத்தில் வென்றாள்.

“சொன்ன சொல் மாறமாட்டன். வாறன்,” என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார் அப்பா.

மட்டைகளை வைக்க அப்பாவின் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே அயன் பண்ணிய கோட்டும் ஒரு பலகாரப் பெட்டியும் இருந்தன. பெட்டியின் மேல் அப்பாவின் கையெழுத்தில், ‘சிண்ட்ரேயின் அம்மாவுக்கு.’